டம்ளரைப் பிடித்த கை

அன்புள்ள மகனுக்கு,

"விருந்தில் எல்லோரும் குடித்தார்கள் அம்மா, நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்" என்று நேற்றிரவு போனில் சொன்னாய். குடித்தாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே அறுந்திருக்கும். ஆனால் "படபடப்பாக இருந்தால் இது அடக்கிவிடுமாம்" என்றாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

உனக்கு இப்போது 17 வயது. ஆசைக்குக் கடிவாளம் பிடிக்கும் முன்மூளை முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகும். இந்த வயதில் படபடப்புக்கு மதுவை மருந்தாக்கினால், பிறகு மனம் கலங்கும்போதெல்லாம் கை அதையே தேடும். எனக்குப் பயம் அந்த ஒரு டம்ளர் அல்ல, இந்தப் பழக்கம்தான்.

அலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர், போதைப் பழக்கத்திலிருந்து மீள முயன்றவர்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். உந்துதல் ஓர் அலை. அதோடு மல்லுக்கட்டவும் வேண்டாம், அதற்குப் பணியவும் வேண்டாம், அதன் மேல் மிதந்து பார் என்றார். தீனி போடாமல் விட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அது தானாகவே தணிந்துவிடும். அதுவரை, உடம்பில் அது எங்கே இருக்கிறது என்று பார். தொண்டை வறள்கிறதா, நெஞ்சு இறுகுகிறதா, விரல் துடிக்கிறதா? மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனி. பிறகு அதற்குப் பெயர் வை. பல நேரம் அது மதுவின் மேல் உள்ள ஆசையாக இருக்காது. இவர்கள் என்னை ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயமாகவே இருக்கும். பயம் என்று தெரிந்துவிட்டால், அதற்கு மது எதற்கு?

மைண்ட்ஃபுல்னெஸ் என்று எல்லோரும் பேசுவது, உள்ளே நடப்பதை அப்படியே கவனிக்கும் இந்தப் பயிற்சியைத்தான். இது மந்திரம் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2022-இல் வெளிவந்தது. வகுப்பில் இதைக் கற்பித்ததால் அவர்களுடைய மனநலம் கூடுதலாக மேம்படவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், விருந்து நடக்கும் இரவில் இதைத் தொடங்காதே. ஒன்றும் நடக்காத காலைகளில் ஐந்து நிமிடம் உட்கார். குளிக்கும்போது தண்ணீரை மட்டும் கவனி.

ஒருவேளை ஏற்கெனவே குடித்திருந்தாலும் என்னிடம் சொல்லலாம். கத்த மாட்டேன்.

ஞாயிறு இரவு நானே கூப்பிடுகிறேன். அந்த டம்ளரைப் பிடித்திருந்தபோது உன் கை எப்படி இருந்தது என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா