காரைக்கால் கடற்கரையில் கப்பலேறியவர்களுக்கு ஒரு நினைவுக்கல் – கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், காரைக்கால்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், காரைக்கால்.

பொருள்: பாய்மரக் கப்பல்களில் கரீபியன் தீவுகளுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளுக்கு நினைவுக்கல்லும், தேடி வரும் சந்ததியினருக்கு உதவியும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற தை மாதம் மார்த்தினிக் தீவிலிருந்து வந்த ஓர் அம்மாள், கையில் ஒரு நகல் தாளோடு எங்கள் தெருவில் வழி கேட்டு நின்றார். அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் கப்பலேறிய பதிவு அது. பெயர், தகப்பன் பெயர், வயது எல்லாம் இருந்தன. துறைமுகம் ‘காரிக்கால்’. சொந்த ஊரை மட்டும் பிரெஞ்சு எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருந்தார். நானும் இரண்டு நண்பர்களும் அதை ஒரு மணி நேரம் உரக்க வாசித்துப் பார்த்தோம். திருவாரூர்ப் பக்கமாக இருக்கலாம் என்பதற்கு மேல் நகர முடியவில்லை. சரி, எந்த இடத்தில் கப்பலேறினார் என்றாவது காட்டுங்கள் என்றார். அரசலாறு கடலில் சேரும் இடத்துக்கு அழைத்துப் போய்க் கையை நீட்டினேன். காட்டுவதற்கு அங்கே வேறொன்றும் இல்லை.

1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட ‘ஒரேலி’ என்ற பாய்மரக் கப்பல் முந்நூறுக்கு மேற்பட்டவர்களோடு 1853 மே 6 அன்று மார்த்தினிக் சேர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்கும் ஆள் கொண்டுபோனது. 1880களின் இறுதிவரை மார்த்தினிக்குக்கு 25,000க்கு மேலும், குவாதலூப்புக்கு 40,000க்கு மேலும் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏறியது புதுச்சேரி, காரைக்கால் துறைகளில். ஐந்தாண்டு ஒப்பந்தம். கப்பல் ஆழ்கடலில் நிற்கும். கரையிலிருந்து சலங்கு என்னும் படகில் ஏறி அலையைத் தாண்ட வேண்டும். பிறகு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மாதம். எல்லோரும் காரைக்கால்காரர்கள் அல்லர். அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த தஞ்சைப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்து ஏறியவர்கள் ஏராளம். அதனால்தான் தேடுவது இவ்வளவு சிரமம்.

மொழி போய்விட்டது, பெயர்கள் போகவில்லை. முத்துசாமி, வீராசாமி எல்லாம் அங்கே குடும்பப் பெயர்கள். குவாதலூப்பில் இந்தியர்களின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றவர் ஆன்ரி சிதம்பரம். மாரியம்மனும் மதுரை வீரனும் பெயர் சற்றுத் திரிந்து அங்கே வழிபாட்டில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டு மீன் குழம்பை முகர்ந்ததும் அந்த அம்மாள் “கொலொம்போ!” என்றார். அவர்கள் ஊர் மசாலாக் குழம்பின் பெயராம்.

மொரீஷியஸில் கூலிகள் இறங்கிய ஆப்ரவாசி படித்துறை 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். கொல்கத்தாவில் அவர்கள் கப்பலேறிய இடத்தில் 2011இல் நினைவுச்சின்னம் வைத்தார்கள். அவ்வளவு பெரிதாக நான் கேட்கவில்லை. அரசலாற்று முகத்துவாரம் அருகே தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய ஒரு கல் போதும். கூடவே, இப்படித் தாளோடு வருபவர்களுக்கு மாவட்டத்தில் உள்ள பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் பார்க்க வழி சொல்ல ஓர் அலுவலரைக் குறிப்பிட்டால் நல்லது. பிரெஞ்சு எழுத்தில் உள்ள ஊர்ப் பெயர்களைப் படித்துச் சொல்ல நானும் நண்பர்களும் சம்பளமில்லாமல் வரத் தயார்.

கல்லில் பொறிக்க வேண்டிய வாசகத்தின் வரைவையும், இடத்தைக் குறித்த கைவரைபடத்தையும் இணைத்துள்ளேன். அந்த அம்மாள் அடுத்த தைக்கு மகளோடு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அதற்குள் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)