குடியிருப்போர் நலச்சங்கம் 2024-25 ஆண்டறிக்கை: காசில்லாத பொழுதுபோக்கும் நம்ம ஞாயித்துக்கெழமை சாயங்காலமும்

மதிப்பிற்குரிய தலைவர் அய்யா, நிர்வாகக் குழு, அக்கா தங்கச்சிக, அண்ணன் தம்பிக எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷ அறிக்கைய வாசிக்கிறேன். வர முடியாதவங்களுக்காக இதையே நம்ம வாட்ஸ்அப் குரூப்லயும் போடப் போறேன், அதனால பேசுற மாதிரியே எழுதியிருக்கேன்.

வழக்கமான விஷயத்த மொதல்ல முடிச்சிர்றேன். எரியாத தெருவிளக்குக்கு மனு குடுத்து மாத்தியாச்சு, மழைக்கு முன்னாடியே வாய்க்கால் தூர் எடுத்தாச்சு, ரெண்டாவது தெரு முக்குல குப்ப கொட்டுறது நின்னுருச்சு. சந்தா பாக்கி இருக்கவங்க பொருளாளர்கிட்ட குடுத்துருங்க. மினிட்ஸ் நோட்டு மேஜை மேல இருக்கு, யாரு வேணாலும் பாக்கலாம்.

இப்ப நான் நேரம் எடுத்துச் சொல்ல நெனைக்கிறது ஞாயித்துக்கெழமை சாயங்காலத்தப் பத்தி. போன பொதுக்குழுவுல மூணாவது தெரு அக்கா எந்திரிச்சு கேட்டாங்க, "லீவு விட்டா பிள்ளைக போனும் கையுமா கெடக்குதுக, கிளாஸ்ல சேத்துவிடலாம்னா ஃபீஸ் கட்டி மாளல, சங்கத்துல ஏதாச்சும் பண்ணக்கூடாதா?"ன்னு. நம்ம மதுரை சித்திரைத் திருவிழா முடிஞ்ச கையோட ஆரம்பிச்சோம். ஒரே கண்டிஷன் தான் வச்சோம், வீட்டுல கெடக்குறத வச்சே பண்றதா இருக்கணும், தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்கு சொல்லிக் குடுக்கணும், அதுக்கு பத்து பைசா வாங்கக்கூடாது.

மொத வாரமே ஒன்னாவது தெரு அப்பத்தா சாக்பீஸ வாங்கி ஹால் தரையில உக்காந்து கோடு போட ஆரம்பிச்சிட்டாங்க. உச்சியில இருந்து நாலு கோடு எறக்கி குறுக்க நீளமா ஒரு பொட்டி போட்டு அதுக்கு நடுவுல இன்னொரு கோடு இழுத்தா ஆடு புலி ஆட்டத்துக்கு கட்டம் ரெடி, மொத்தம் 23 முனை. புலிக்கு மூணு கூழாங்கல், ஆட்டுக்கு பதினஞ்சு புளியங்கொட்டை, செலவு அவ்வளவு தான். ஆட்ட ஒன்னொன்னா எறக்கணும், பதினஞ்சும் எறங்குற வரைக்கும் ஆடு நகரக்கூடாது, புலி மட்டும் நகரும், பக்கத்துல ஆடு நின்னு அதுக்கு அடுத்த முனை காலியா இருந்தா தாண்டி வெட்டிரும். ஆடெல்லாம் சேந்து மூணு புலியையும் அசைய விடாம கட்டிட்டா ஆடு ஜெயிச்சிச்சு. ஒம்பதாங் கிளாஸ் படிக்கிற தம்பி ஒருத்தன் போன் கேம்ல கில்லாடி, அவன் நேரா நடுவுல ஆட்ட எறக்குனான், அப்பத்தா வரிசையா வெட்டிட்டு, "ஓரத்துல எறக்குடா, ஓரத்துல நின்னா ஒனக்குப் பின்னால குதிக்க எடம் இருக்காதுல்ல"ன்னாங்க. அவன் அப்படியே கட்டத்தப் பாத்துக்கிட்டே உக்காந்துட்டான், அன்னைக்கு அவன வீட்டுக்கு கூட்டிட்டுப் போக அவங்க அம்மா தான் வரவேண்டியதாப் போச்சு. இப்ப அவன் ஆடு வச்சு விளையாண்டா அப்பத்தாவே யோசிச்சுத் தான் புலிய நகட்டுறாங்க.

அதுக்கப்புறம் தாயம், பல்லாங்குழி எல்லாம் வந்துச்சு. பலகை இல்லாட்டி என்ன, தரையில ஏழும் ஏழும் பதினாலு வட்டம் போட்டு ஒவ்வொன்னுலயும் அஞ்சஞ்சு புளியங்கொட்டை வச்சா ஆட்டம் ஆரம்பம், குழியில நாலு சேந்துச்சுன்னா அது பசு, அந்தக் குழிக்காரங்க எடுத்துக்கலாம். தாயக்கட்டை இல்லாதவங்க புளியங்கொட்டைய ஒரு பக்கம் வெள்ளை தெரியுற வரைக்கும் தேச்சு உருட்டுனாங்க. கீழடி மியூசியத்துக்கு ஒரு நா பிள்ளைகள கூட்டிட்டுப் போயிருந்தோம், 2023 மார்ச்ல தொறந்தது, நமக்கு பஸ்ல போற தூரம் தான். அங்க தோண்டுனப்ப கெடச்ச சுடுமண் வட்டச் சில்லு, ஆட்டக்காய், பகடை எல்லாத்தையும் பாத்துட்டு, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஆளுக இதைத் தான் விளையாண்டாய்ங்களான்னு ஒரு பாப்பா கேட்டுச்சு. எனக்கு அன்னைக்கு மனசு நெறஞ்சு போச்சு.

பூ கட்டுறதையும் சொல்லியாகணும். 2013ல புவிசார் குறியீடு வாங்குன மல்லிக ஊரு நம்ம ஊரு, ஆனா நம்ம பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு கட்டத் தெரியல. மார்கழி தையில பூ வெல ஏறிக் கெடந்ததால தோட்டத்து அரளி மொட்டுல தான் பழகுனாங்க. ரெண்டு பூ இந்தப் பக்கம் தலை, ரெண்டு பூ அந்தப் பக்கம் தலை, காம்பு நாலும் நடுவுல ஒன்னு மேல ஒன்னு படணும், நனைச்ச வாழைநார ஒரு சுத்து சுத்தி வளையத்துக்குள்ள விட்டு இழுக்கணும், ரொம்ப இழுத்தா காம்பு அறுந்துரும், விட்டா உருவிக்கிட்டு வந்துரும், அந்த அளவு விரலுக்குத் தான் தெரியும். இதுல மொதல்ல கத்துக்கிட்டது கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆன நம்ம அண்ணன் தான்! ஆம்பளைக்கு எதுக்கு இதுன்னு யாரும் கேக்கல, மதினி மட்டும் இனிமே பூக்காரம்மாகிட்ட வாங்கவேண்டியதில்லன்னு சந்தோசப்பட்டாங்க.

ஜனவரியில மொட்டமாடி. இந்த 2025 ஜனவரி சாயங்கால வானம் மாதிரி அடிக்கடி அமையாது, மேற்க வெள்ளியும் பக்கத்துல சனியும், உச்சிக்கிட்ட வியாழன், கெழக்க செவ்வாய், நாலையும் வெறுங்கண்ணால பாத்தோம், டெலஸ்கோப் கெடையாது ஒன்னும் கெடையாது. வியாழனுக்குப் பக்கத்துல செவப்பா இருந்தது ரோகிணி. கெழக்க வரிசையா மூணு நட்சத்திரம் தெரியும், அந்தக் கோட்ட கீழ நீட்டுனா வானத்துலயே பளிச்சுனு இருக்க சிரியஸ், மேல நீட்டுனா ரோகிணி, இன்னும் நீட்டுனா கொத்தா இருக்க கார்த்திகை. மூணுக்கும் பக்கத்துலயே செவப்பா நிக்கிறது திருவாதிரை. தன்னோட நட்சத்திரம் திருவாதிரைன்னு ஜாதகத்துல மட்டும் பாத்திருந்த ஒரு பெரியவரு அதை அன்னைக்குத் தான் மொத தடவ கண்ணால பாக்குறேன்னு சொல்லி கொஞ்ச நேரம் அங்கயே நின்னாரு.

பொங்கல் லீவுல பறவை கணக்கெடுப்பு. தமிழ்நாடு முழுக்க 2015ல இருந்து நடக்குது, ஒரு எடத்துல 15 நிமிஷம் நின்னு என்ன பறவை எத்தனன்னு எழுதி இபேர்டுங்கிற பறவைக் கணக்கு வெப்சைட்டுல ஏத்துனா போதும், வீட்டு வாசல்ல நின்னே பண்ணலாம். நம்மாளுக வண்டியூர் கண்மாய்க்குப் போனாங்க. நீர்க்காகம், தாழைக்கோழி, உண்ணிக்கொக்கு, மீன்கொத்தி எல்லாம் பாத்தாங்க, ஆனா பிள்ளைகளுக்குப் பிடிச்சது என்னவோ நம்ம தெரு வேலியிலயே திரியுற செம்போத்தும் தவிட்டுக்குருவியும் தான், இத்தன நாளா இங்கயே இருந்துச்சா இதுன்னு கேட்டாய்ங்க.

கீழக்குயில்குடி சமணர் மலைக்கு டவுன் பஸ்ல போனோம், பொம்பளைங்களுக்கு டிக்கெட் கெடையாதுங்கிறதால கூட்டம் நல்லா சேந்துச்சு. தாமரைக் குளத்துக்கிட்ட கட்டுச்சோறு சாப்ட்டு, மேல பேச்சிப்பள்ளத்துல இருக்க ஆயிரம் வருஷத்துக்கு முந்துன தீர்த்தங்கரர் செலைகள பிள்ளைக பென்சில்ல வரைஞ்சாய்ங்க. பாறையில யாரும் பேரு கிறுக்காம பாத்துக்கிட்டோம், இனி போறவங்களும் பாத்துக்கங்க.

மத்தது சுருக்கமா. வெந்தயம், கொத்தமல்லிய பழைய டப்பாவுல ஓட்டை போட்டு வெதச்சவங்க சில வாரத்துலயே கீரை பறிச்சாங்க. அம்பது காசு போஸ்ட் கார்டுல பிள்ளைக தாத்தா பாட்டிக்கு லெட்டர் எழுதுனாங்க, பதில் வந்தது ரெண்டு இங்க ஹால் போர்டுல ஒட்டியிருக்கு, படிச்சுப் பாருங்க. நத்தம் ரோட்டுல இருக்க கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு உள்ள போக காசு கெடையாது, சின்னப் பிள்ளைகளுக்குன்னு தனிப் பகுதியே இருக்கு, அதுக்கு ஒரு குரூப் தொடர்ந்து போகுது. பாட்டு கிளாஸ் மட்டும் ஓடல, சொல்லிக் குடுக்க இருந்தவங்க ஊரு மாறிப் போயிட்டாங்க. சிக்குக் கோலத்துக்கு மார்கழி பூரா ஆளு இருந்துச்சு, தை பொறந்ததும் கொறஞ்சிருச்சு.

ஒரு விஷயத்துல என் கருத்த தெளிவா பதிவு பண்ணிக்கிறேன். போட்டி வச்சு பரிசு குடுக்கலாம்னு சிலபேரு சொன்னாங்க, நல்ல எண்ணத்துல தான் சொன்னாங்க, ஆனா எனக்கு உடன்பாடு இல்ல. பரிசுன்னு வந்துட்டா பெத்தவங்க பிராக்டீஸ் பண்ண வைப்பாங்க, ஜெயிக்காத பிள்ள அடுத்த வாரம் வராது, அப்பத்தாவும் பேரனும் ஒன்னா உக்காந்து விளையாடுறதும் போயிரும். எங்க போனாலும் ரேங்க் பாக்குற பிள்ளைகளுக்கு ரேங்க் இல்லாத ஒரு எடமாச்சும் வேணும். இன்னொன்னு, இது பிள்ளைகளுக்காக ஆரம்பிச்சதுன்னாலும் அதிகமா பலன் அடைஞ்சது தனியா இருக்க நம்ம வீட்டு பெரியவங்க தான். ஒரு வாரம் வரலன்னா என்னாச்சுன்னு பிள்ளைக வீட்டுக்கே போயி கதவத் தட்டுதுக.

அதனால கூட்டத்துக்கு முன்னாடி ரெண்டு தீர்மானம் வைக்கிறேன். ஒன்னு, ஞாயித்துக்கெழமை அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் ஹால எந்த விசேஷத்துக்கும் வாடகைக்கு விடக்கூடாது. இந்த வருஷம் ரெண்டு மூணு தடவ ஹால் இல்லாம மரத்தடியில உக்கார வேண்டி வந்துச்சு, முட்டி வலி இருக்கவங்களுக்கு அது முடியாது. வாடகை கொஞ்சம் கொறையும் தான், பொருளாளர்கிட்ட பேசிட்டேன், சமாளிச்சிரலாம்னு சொல்லிட்டாரு. ரெண்டாவது, சாவி ஒருத்தர்கிட்டயே இல்லாம ஒவ்வொரு தெருவுல இருந்தும் ஒருத்தர் மாசம் மாத்தி வச்சுக்கணும்.

கூடை பின்னத் தெரிஞ்சவங்க, பட்டம் ஒட்டத் தெரிஞ்சவங்க, சைக்கிள் பஞ்சர் போடத் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் கூட்டம் முடிஞ்சதும் பேரு குடுங்க, கோடை லீவுக்கு ஆளு தேவைப்படுது. வரவு செலவ அடுத்து பொருளாளர் வாசிப்பாரு. தீர்மானத்துக்கு சம்மதம்னா கைய தூக்குங்க. நன்றி, வணக்கம்.