செயலாளரின் ஆண்டறிக்கை: 2025 பந்தயப் பருவம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கும் ரசிகர் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கை என்றால் எத்தனை கூட்டம் நடந்தது, வெளியூர் பஸ்ஸுக்கு எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள், டீ செலவு எவ்வளவு என்றுதான் வழக்கமாகப் போகும். அதெல்லாம் இணைப்பில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் எனக்குப் பிறகு வாசிப்பார். லீக் முடிவுகளை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கடந்த பொதுக்குழுவில் பலர் கேட்டது வேறு: "ஸ்பீட்வே இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று செயலாளர் வெளிப்படையாக எழுதட்டும்." எழுதியிருக்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் கேள்வி நேரத்தில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. ஸ்பீட்வே என்பது மண் பாதையில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம். நான்கு வீரர்கள், நான்கு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் ஓட்டம். 500 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி, மெத்தனாலில் ஓடும், ஒரே கியர், பிரேக் கிடையாது. எப்போதும் இடது பக்கமாகத்தான் திரும்ப வேண்டும், அதுவும் பின்சக்கரத்தை வழுக்க விட்டுத்தான். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அப்புறம் 2, 1, கடைசிக்குப் பூஜ்யம். லீக் போட்டியில் அணிக்கு 7 பேர், மொத்தம் 15 ஹீட், அதாவது ஓட்டங்கள். உள்ளூர் அணிக்குச் சிவப்பு, நீலத் தலைக்கவசம்; வந்த அணிக்கு வெள்ளை, மஞ்சள். இவ்வளவு தெரிந்தால் புரோக்ராமும் பென்சிலுமாக யார் பக்கத்தில் வேண்டுமானாலும் நிற்கலாம். மிச்சத்தை அவர்களே சொல்லித் தருவார்கள், நீங்கள் போதும் என்றாலும் விட மாட்டார்கள்.

இந்த ஆண்டின் பெரிய செய்தி பிராடி கர்ட்ஸ். நம் மான்செஸ்டர் பெல் வியூ அணிக்கு இந்தப் பருவத்தில் ஓடிய ஆஸ்திரேலியப் பையன், உலகத் தொடரில் வரிசையாக ஐந்து கிராண்ட் பிரிகளை வென்றும் பட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் விட்டுவிட்டார். செப்டம்பரில் டென்மார்க்கின் வோயென்ஸில் தொடரின் கடைசிப் போட்டி முடிந்தபோது பட்டம் பார்டோஸ் ஸ்மார்ஸ்லிக் கையில் இருந்தது. போலந்துக்காரருக்கு இது ஆறாவது பட்டம். ஐவன் மாகர், டோனி ரிக்கார்ட்சன் இருவரின் சாதனையை எட்டிப் பிடித்துவிட்டார். தோற்றதில் வருத்தம்தான். ஆனால் "இப்போதெல்லாம் ஸ்பீட்வேயில் என்ன இருக்கிறது, கேட்டில் (தொடக்கக் கோட்டில்) முந்தினவன் ஜெயித்தான், அவ்வளவுதானே" என்று புலம்பும் நண்பர்களுக்கு இந்தத் தொடரைத்தான் பதிலாகக் காட்டுவேன்.

அந்தப் புலம்பலில் பாதி உண்மை இருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. மேல்மண் இல்லாமல் வழவழவென்று காய்ந்து கிடக்கும் பாதையில் முதல் வளைவில் முந்தியவரை நான்கு சுற்றிலும் யாரும் நெருங்க முடியாது. பழி எஞ்சின் மீது போகிறது. நிமிர்ந்து நின்ற எஞ்சின் படுத்த நிலைக்கு வந்ததிலிருந்து எல்லாம் கெட்டது என்கிறார்கள் மூத்தவர்கள். என் கருத்து வேறு. பழி போக வேண்டிய இடம் டிராக்டரும் தண்ணீர் லாரியும்தான். நம் மைதானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 347 மீட்டர் பாதை, அகலமான வளைவுகள். ஷேல் மண்ணை நன்றாக நனைத்து வெளிவரிசை வரை இழுத்துவிட்ட ஒரு திங்கள் இரவில் மூன்றாவது வளைவில் நின்று பாருங்கள். கடைசியில் கிடந்த வெள்ளைத் தொப்பி, வேலியை உரசிக்கொண்டு வெளியே போய், அங்கே குவிந்திருக்கும் மண்ணில் சக்கரம் பிடித்து, நேர்பாதையில் இரண்டு பேரைக் கடந்து வரும். எழுந்த மண் நம் டீ கப்பிலும் கொஞ்சம் விழும். எஞ்சின் அதே எஞ்சின்தான், பாதைதான் வேறு. இதே மைதானம் 2016 மார்ச்சில் திறந்த அன்று பாதை சரியில்லை என்று போட்டியையே நிறுத்தினார்கள் என்பதை நினைவில் வைத்தால், மண் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று புரியும்.

சரி, ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றால் குறை எங்கே? அணியில் இருக்கிறது.

கெஸ்ட் முறையைத்தான் சொல்கிறேன். அணியின் முன்னணி வீரருக்குக் காயம், அல்லது வேறு நாட்டில் போட்டி என்றால், அவருடைய புள்ளிச் சராசரிக்கு மேல் போகாத இன்னொரு கிளப் வீரரை அன்று ஒரு நாளுக்குக் கூட்டி வரலாம். போன வாரம் நமக்கு எதிராக வந்து முட்டி மோதியவர் இந்த வாரம் நம் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். அடுத்த வாரம் திரும்பவும் எதிரி. கூடவே ஒரே வீரர் முதல் நிலை லீக்கான பிரீமியர்ஷிப்பில் ஒரு கிளப்புக்கும் இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் இன்னொரு கிளப்புக்கும் ஓடலாம் என்ற ஏற்பாடு. இரண்டும் சேரும்போது புரோக்ராமில் அச்சடித்த ஏழு பெயரில் மூன்றைப் பேனாவால் அடித்து வேறு பெயர் எழுதும்படி ஆகிறது. ஒரு வெளியூர்ப் போட்டியில் நம் உறுப்பினர் ஒருவரின் மகள், எட்டு வயது இருக்கும், தனக்குப் பிடித்த வீரரின் பெயரைத் தேடிவிட்டு, "அவர் இன்னிக்கு யாருக்கு ஓடுறார்?" என்று கேட்டாள். எதிரணிக்கு என்று சொல்ல அவள் அப்பாவுக்கு வாய் வரவில்லை. புதிய ரசிகர்கள் ஏன் வருவதில்லை என்று ஆண்டுதோறும் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு நான் தேடிய வரையில் இதைவிட நல்ல பதில் கிடைக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கெஸ்ட் இல்லாவிட்டால் ஒரு காயம் பட்டவுடன் போட்டி ஒருதலைப்பட்சமாகிவிடும், ஆறாவது ஹீட்டிலேயே முடிவு தெரிந்துவிடும் என்கிறார் நம் துணைத் தலைவர். நியாயமான பேச்சு. ஆள் பற்றாக்குறைதான் வேர் என்பதிலும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நல்ல வீரர் ஒருவர் போலந்தில் வார இறுதி, ஸ்வீடனில் செவ்வாய், நடுவில் இங்கிலாந்து என்று விமானத்திலும் வேனிலும் வாரத்தைக் கழிக்கிறார். பணம் போலந்தில் இருக்கிறது. அங்கே எக்ஸ்ட்ராலீகா என்ற முதல் நிலை லீக்கின் போட்டிக்கு மைதானம் நிரம்புகிறது, தொலைக்காட்சி பணம் கொடுக்கிறது. ஸ்மார்ஸ்லிக் பிரிட்டிஷ் லீக்கில் ஓடுவதே இல்லை, அவருக்கு இந்த லீக் தேவைப்படவில்லை. இங்கே ஓடுபவரோ வண்டி, எஞ்சின் டியூனிங், மெக்கானிக், வேன் எல்லாவற்றையும் சொந்தச் செலவில் பார்த்துக்கொண்டு புள்ளிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஏழு பேர் பிழைக்கும் அளவுக்கு வருமானம் இல்லாத ஒரு லீக்கை, இருபது பேர் பகிர்ந்துகொள்ளும்படி விதி எழுதி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள்மீதுதான் எனக்குக் குறை.

அடுத்தது நிலம். இதை எழுதும்போது கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2016 முடிவில் கோவென்ட்ரியின் பிராண்டன் மைதானம் மூடியது. 2018இல் லேக்சைட். ஸ்விண்டனில் 2019க்குப் பிறகு போட்டியே இல்லை. 2023 முடிவில் உல்வர்ஹாம்ப்டன், பீட்டர்பரோ இரண்டும் ஒரே நேரத்தில் போயின. எங்கும் ஒரே கதைதான்: கிளப் வாடகைக்கு இருக்கும், நிலம் நாய்ப் பந்தயக் கம்பெனிக்கோ வீடு கட்டுபவருக்கோ சொந்தமாக இருக்கும். ஒருநாள் கடிதம் வரும். உல்வர்ஹாம்ப்டனில் ரசிகர் குறைந்ததால் மூடவில்லை, குத்தகை முடிந்தது, நீட்டிக்கவில்லை. பிராண்டனில் வீடு கட்ட அனுமதி கேட்டவர்களுக்கு ரக்பி என்ற ஊரின் நகராட்சி மறுத்துவிட்டது. ஆனால் மைதானம் இன்னும் பாழடைந்தே கிடக்கிறது. மனுவை முறியடிப்பதால் மட்டும் ஒரு ஹீட்கூட நடந்துவிடாது என்பதைக் கோவென்ட்ரிக்காரர்கள் எட்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நமக்கே இது புதிதல்ல. 1929 முதல் ஓடிய ஹைட் ரோடு மைதானத்தை 1987இல் விற்றார்கள். பீட்டர் கிரேவனும் பீட்டர் காலின்ஸும் உலகச் சாம்பியனானது அங்கே ஓடிய நம் அணியிலிருந்துதான். அப்புறம் நாய்ப் பந்தய மைதானத்தில் ஒண்டிக் குடித்தனம். 2016இல் மாநகராட்சி உதவியோடு இப்போதைய தேசிய ஸ்பீட்வே மைதானம் வந்த பிறகுதான் மூச்சு விட்டோம். பொது நிறுவனம் ஒன்றின் பிடி இருப்பதால்தான் இன்று நாம் இந்தக் கூட்டத்தை மன அமைதியோடு நடத்துகிறோம். ஸ்பீட்வேயைக் காப்பாற்றும் யோசனைகள் நூறு வருகின்றன: இசை, வாணவேடிக்கை, கேட்டருகே தொகுப்பாளர். அதில் ஒன்றிலாவது குத்தகைப் பத்திரம் பற்றி வார்த்தை இருந்தால் சொல்லுங்கள்.

உலகத் தொடர் பற்றிச் சுருக்கமாக. 2001 முதல் 2024 வரை, கொரோனா கால இடைவெளி தவிர, பிரிட்டிஷ் கிராண்ட் பிரி கார்டிஃபில் கூரை போட்ட பெரிய மைதானத்தில் நடந்தது. 2025 ஜூனில் அது நம் ஊருக்கு வந்தது, அடுத்தடுத்து இரண்டு இரவு. கார்டிஃப் பயணம் பலருக்குத் திருவிழா மாதிரி, அந்த இழப்பு எனக்கும் தெரிகிறது. அங்கே எழுபதாயிரம் இருக்கை, இங்கே ஆறாயிரம்தான். ஆனால் கால்பந்து மைதானத்தில் லாரியில் மண் கொட்டி சில நாளில் போடும் பாதை ஒரு சூதாட்டம். 2015இல் வார்சாவில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்திருக்க, பாதையும் கேட்டும் சொதப்பி 12 ஹீட்டோடு போட்டியை முடித்துக்கொண்டார்கள். போலந்தின் முன்னாள் உலகச் சாம்பியன் தோமாஷ் கோலோப்பின் கடைசி கிராண்ட் பிரி அது. ஆக, எனக்கு நிரந்தரப் பாதையில் ஆறாயிரம் பேர் போதும். செயற்குழுவில் இதற்கு நான் சிறுபான்மை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இன்னொன்று: 2023இல் வோயென்ஸில் ஸ்மார்ஸ்லிக்கைத் தகுதி ஓட்டத்தில் தவறான சட்டை போட்டதற்காகப் போட்டியிலிருந்தே நீக்கினார்கள். பட்டத்தைப் பிறகு போலந்தின் தோருனில் வென்றுவிட்டார் என்பதால் தப்பித்தது. பணம் கட்டி உள்ளே வந்தவருக்கு உலகச் சாம்பியன் இல்லை, காரணம் விளம்பரச் சட்டை! தொலைக்காட்சிக்கு விளையாட்டை எழுதிக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

காயங்கள். 2025 மார்ச்சில் போலந்தின் குரோஸ்னோவில் டாய் வொஃபிண்டன் விழுந்து பல எலும்புகள் முறிந்த செய்தி வந்தபோது நம்மில் பலர் தூங்கவில்லை. மூன்று முறை உலகச் சாம்பியனான முதல் பிரிட்டிஷ்காரர் அவர். காற்று நிரப்பிய பாதுகாப்பு வேலி வந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேறியிருக்கிறது; ஆனால் 2015இல் ஆஸ்திரேலிய வீரர் டார்சி வார்டின் கால்கள் செயலிழந்ததை யாரும் மறக்கவில்லை. வீரர்கள் நலநிதிக்காக இந்த ஆண்டும் வாளி ஏந்தினோம். தொகை இணைப்பில் உள்ளது. மழையில் நின்று வசூலித்தவர்களுக்கு நன்றி, குறிப்பாகச் சில்லறையை எண்ணிக் கட்டிய இரண்டு அம்மாக்களுக்கு.

குறையாகவே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று தலைவர் முறைக்கிறார். ராபர்ட் லாம்பர்ட்டும் டான் பியூலியும் 2021இலும் 2024இலும் நம் மைதானத்திலேயே அணிகளுக்கான உலகப் பட்டத்தை பிரிட்டனுக்கு வாங்கித் தந்தார்கள். 2021க்கு முன்னால் அப்படி ஒரு பட்டத்தைப் பார்க்க 1989க்குப் போக வேண்டும். அதில் பியூலி நம் அணிப் பையன், இங்கேயே ஜூனியர் அணியில் ஓடி வளர்ந்தவர். ஆள் பற்றாக்குறைக்கு மருந்து எங்கே இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் ஜூனியர் அணியான கோல்ட்ஸின் போட்டிக்கு நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் போகிறோம்? நானும் சில நாள்தான் போனேன்.

எனவே செயற்குழு மூன்று தீர்மானங்களை இன்று உங்கள் முன் வைக்கிறது. கெஸ்ட் வீரரைக் காயத்துக்கு மட்டும் அனுமதிக்க வேண்டும், வேறு நாட்டுப் போட்டிக்கு அனுமதிக்கக் கூடாது என்று லீக் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவது. கோல்ட்ஸ் போட்டிகளுக்கும் சங்கத்தின் பெயரில் கூட்டமாகப் போவது. பயணச் செலவில் ஒரு பங்கைச் சங்கம் ஏற்கும். மூன்றாவது, 1928 பிப்ரவரியில் லண்டனுக்கு அருகே ஹை பீச் என்ற இடத்தில் நடந்த போட்டியைத் தொடக்கமாக வைத்து 2028இல் பிரிட்டிஷ் ஸ்பீட்வேக்கு நூறாண்டு ஆகிறது; அதற்காகப் பழைய புரோக்ராம், புகைப்படம், சட்டையில் குத்தும் பேட்ஜ்களைத் திரட்ட ஒரு குழு அமைப்பது. பரணில் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், பத்திரமாகத் திருப்பித் தரப்படும்.

புதிய பருவம் வழக்கம்போல் மார்ச்சில் பீட்டர் கிரேவன் நினைவுப் போட்டியோடு தொடங்கும். 1963இல் எடின்பரோவில் விழுந்து உயிர்விட்ட நம் இருமுறை உலகச் சாம்பியனுக்கான போட்டி என்பதால் அன்று எல்லோரும் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சந்தாவை அதற்கு முன் புதுப்பித்துவிடுங்கள். வெளியூர் பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் வராமல் இருப்பவர்களிடம் இனி முன்பணம் வாங்கப்படும். இது பொருளாளரின் பிடிவாதம், நான் தடுத்துப் பார்த்தேன்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

தங்கள்,
செயலாளர்