பிஜி வீரர்களைப் பற்றிய அந்த ஒரு வரி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பசிபிக் தீவுகளின் ரக்பி பற்றி வந்த கட்டுரையை, வேலை முடிந்து வீடு வந்து, இரவு பதினொரு மணிக்குப் படித்தேன். நம் பத்திரிகையில் ரக்பிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்களே என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது பத்திக்கு வந்ததும் நின்றுவிட்டேன். பிஜி, சமோவா, டோங்கா வீரர்கள் ஐரோப்பியக் கிளப்புகளின் காசுக்காகத் தாய்நாட்டைக் கைவிட்டவர்கள் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிரான்சின் தென்மேற்கில், இரண்டாம் பிரிவில் ஆடும் ஒரு ரக்பி கிளப்பின் சமையலறையில் நான் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவன். கிளப்பின் பெயரை எழுத மாட்டேன், எனக்கு வேண்டியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அங்கே இரண்டாம் வரிசையில் நிற்கும் லாக் இடத்தில் ஆட ஒரு பிஜித் தம்பி வந்தான். இருபத்திரண்டு வயது. சோறு கிடைக்கும் என்பதால் முதல் வாரமே சமையலறைக்கு வந்து என்னோடு ஒட்டிக்கொண்டான். என்னை ‘மோமோ’ என்று கூப்பிடுவான். அவர்கள் மொழியில் தாய்மாமன் என்று அர்த்தம். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் அவன் ஊர் வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்தக் கூரைக்கும் தங்கைகளின் படிப்புக்கும் அவன் சம்பளம்தான் போனது. சனிக்கிழமைகளில் காசு அனுப்பும் கடையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நிற்போம். அவன் காசு கோரோ தீவுக்கு, என் காசு கிளிநொச்சிக்கு.

ஒரு வருஷம் நவம்பரில் நடக்கும் சர்வதேச ஆட்டங்களுக்கு அவனுக்குத் தேசிய அணியிலிருந்து அழைப்பு வந்தது. அன்றைக்கு அவன் சமையலறையில் பாடிய பாட்டு இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் கிளப் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாம் பிரிவுக்கு நவம்பரிலும் ஆட்டம் உண்டு, ஜூனில் உன் ஒப்பந்தம் முடிகிறது, யோசித்து முடிவு எடு என்றார்கள். அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து முழங்காலில் காயம் என்று பிஜிக்குத் தகவல் போனது. முழங்காலில் காயம் பட்ட பையன் அதே வாரம் 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை, தோளுக்கு ஒன்றாக, கீழறையிலிருந்து எனக்காக மேலே தூக்கி வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவனுக்கு அழைப்பு வரவே இல்லை.

ஐயா, உலக ரக்பி அமைப்பின் 9ஆம் விதி தங்களுக்குத் தெரியாததல்ல. குறித்த சர்வதேச நாட்களில் தேசிய அணி அழைத்தால் கிளப் வீரரை விட்டாக வேண்டும். தடுக்கவும் கூடாது, போகாதே என்று மனதைக் கலைக்கவும் கூடாது. விதி நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதற்குச் சாட்சி யார்? அந்தத் தம்பி புகார் கொடுத்திருந்தால், அடுத்த வருஷம் அவன் வீட்டுக்குக் காசு அனுப்புவது யார்? கட்டுரையாளர் இதையெல்லாம் விசாரித்தாரா என்று தெரியவில்லை.

காசு, காசு என்று எழுதியிருக்கிறார். சரி, காசைப் பற்றியே பேசலாம். டெஸ்ட் ஆட்டத்தின், அதாவது இரண்டு தேசிய அணிகள் மோதும் ஆட்டத்தின், டிக்கெட் வருமானம் முழுவதும் பொதுவாக ஆட்டத்தை நடத்தும் நாட்டுக்குத்தான். 2017 நவம்பரில் லண்டன் ட்விக்கனம் மைதானத்தில் இங்கிலாந்தும் சமோவாவும் ஆடின. அந்த ஓர் ஆட்டத்துக்கு இங்கிலாந்து வீரர் ஒருவருக்கு ஏறக்குறைய 22,000 பவுண்டு, சமோவா வீரருக்கு 650 பவுண்டு என்று அப்போது பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஒரே மைதானம், ஒரே எண்பது நிமிஷம். நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணி சமோவா மண்ணில் முதல் முதலாக ஒரு டெஸ்ட் ஆடியது எப்போது? 2015 ஜூலையில். அந்தத் தீவுகளின் பிள்ளைகள் எத்தனை பேர் நியூசிலாந்தின் கறுப்புச் சட்டை போட்டு ஆடிய பிறகு! இப்படிப்பட்ட கணக்கில் கைவிட்டது யார், கைவிடப்பட்டது யார் என்று தாங்களே சொல்லுங்கள்.

சார்ல்ஸ் பியூட்டாவை நாடு மாறியவர் என்று எழுதியிருப்பதும் எனக்கு மனசு பொறுக்கவில்லை. அவர் பிறந்தது ஆக்லாந்தில், பெற்றோர் டோங்காக்காரர்கள். நியூசிலாந்துக்காக 17 டெஸ்ட் ஆடினார். அவருடைய அண்ணன் சியாலே டோங்கா அணிக்குத் தலைவராகவே இருந்தார். ஒரு நாட்டுக்கு ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு ஆட முடியாது என்ற பழைய விதி 2022 ஜனவரியில்தான் தளர்ந்தது. மூன்று வருஷம் எந்த நாட்டுக்கும் ஆடாமல் இருந்திருந்தால், தான் பிறந்த நாட்டுக்கோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த நாட்டுக்கோ மாறலாம் என்றார்கள். கதவு திறந்ததும் அவர் டோங்காவுக்குத்தான் வந்தார், 2023 உலகக் கோப்பையிலும் ஆடினார். திரும்பி வந்தவரைப் போனவர் என்று எழுதலாமா?

அதே உலகக் கோப்பையில் பிஜிக்கு அதிர்ஷ்டம் கைகொடுத்ததாம். பிரான்சின் சாந்த் எத்தியென் நகரில் ஆஸ்திரேலியாவை 22-15 என்று வென்ற அன்று நான் என் மகனோடு மைதானத்தில் இருந்தேன். ஆஸ்திரேலியாவைப் பிஜி அதற்கு முன் கடைசியாக வென்றது 1954இல். என் பக்கத்து இருக்கையில் ஒரு பிஜிப் பெரியவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அது அதிர்ஷ்டமில்லை. 2022இலிருந்து ஃபிஜியன் ட்ருவா என்ற பிஜி அணி, நியூசிலாந்து, ஆஸ்திரேலிய அணிகள் ஆடும் சூப்பர் ரக்பி போட்டியில் ஆடுகிறது. முதல் முறையாகப் பையன்கள் சொந்த நாட்டில் இருந்துகொண்டே சம்பளம் வாங்கி ஆட ஒரு வழி பிறந்தது. ஊரிலேயே வேலை கொடுத்தார்கள், பிஜி அணி அந்த உலகக் கோப்பையில் கால் இறுதிக்குப் போனது. கட்டுரையில் ட்ருவா என்ற பெயரே இல்லை.

பிஜி அணியின் ஜோசுவா துய்சோவாவைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. அப்போது பாரிசின் ராசிங் 92 கிளப் வீரர், அதாவது கட்டுரையாளரின் கணக்கில் காசுக்காகப் போனவர். அதே உலகக் கோப்பையில் ஜார்ஜியாவோடு ஆடுவதற்கு முந்தைய நாள் அவருடைய ஏழு வயது மகன் பிஜியில் இறந்துபோனான். அவர் அணியோடு தங்கி ஆடினார். மகனின் அடக்கத்துக்குக் கூடப் போகவில்லை. அது சரியா தவறா என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்த மனிதரையும் சேர்த்துத்தான் தங்கள் பத்திரிகை தாய்நாட்டைக் கைவிட்டவர் என்று அச்சடித்திருக்கிறது.

தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. இந்த வரி என்னை இவ்வளவு சுட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல வருஷங்களுக்கு முன் இதே பத்திரிகையில், வெளிநாட்டுக்குப் போன எங்களைப் பற்றியும் இதே மாதிரி ஒரு கட்டுரை வந்தது. காசு தேடி ஓடியவர்கள் என்று. அப்போது என் அம்மா ஊரில் உயிரோடு இருந்தா. யாரோ அதை அவவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த கிழமை தொலைபேசியில், நீ அனுப்பியது போதும் மகன், வந்துவிடு என்று அழுதா. அன்றைக்கு நான் தங்களுக்கு எழுதிய கடிதம் வெளிவரவில்லை. 2019 உலகக் கோப்பை சமயத்தில் சமோவா அணியின் படத்தைப் போட்டு டோங்கா என்று எழுதியபோதும் எழுதினேன். அதுவும் வரவில்லை. கடிதங்கள் நிறைய வரும், இடம் குறைவு, எனக்குப் புரிகிறது.

ஆகவே பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இணையப் பதிப்பிலிருந்து அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். அடுத்த இதழில் இரண்டு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். இனி நவம்பரில் பசிபிக் அணிகளைப் பற்றி எழுதும்போது, வராத வீரரின் பெயருக்குப் பக்கத்தில் அவர் ஆடும் கிளப்பின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பி இப்போது ஊரில் தோட்டம் செய்கிறான். போன மாதம் கூரையின் படம் அனுப்பியிருந்தான், நீலத் தகரம். இந்த வருஷச் சந்தாவைக் கடந்த வாரமே அனுப்பிவிட்டேன், கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
இருபத்தாறு வருஷ வாசகர் ஒருவர்,
தென்மேற்கு பிரான்ஸ்