நூல் பக்கத்தில் மின்னூலுக்கு இடமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் நூல் அறிமுகப் பக்கத்தில் ஏழு புத்தகங்கள் வந்திருந்தன. ஏழும் அச்சுப் புத்தகங்கள். அதிலும் ஐந்து கட்டுரைத் தொகுப்பு, ஒன்று வாழ்க்கை வரலாறு, மிச்சம் ஒன்றுதான் நாவல். குறை சொல்வதற்காக எழுதவில்லை என்று ஆரம்பித்தால் நீங்கள் நம்பப் போவதில்லை, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன், குறை சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆறு வருடமாக நான் கதை வாசிப்பதெல்லாம் மின்னூலில்தான். கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியாத வயது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்ற ஒரே காரணத்துக்காக இ-ரீடர் வாங்கினேன், பிறகு அதுவே பழகிவிட்டது. வாசிப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. அடுத்து எதை வாசிப்பது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வாழ்நாள் போகிறது.

போன மாதம் ஒரு துப்பறியும் நாவலை ராத்திரி பதினொன்றரைக்கு முடித்தேன். கொலைகாரர் யார் என்பதை மனது ஜீரணிப்பதற்குள், கடைசிப் பக்கத்தைத் தள்ளியதும், அடுத்து இவற்றை வாசியுங்கள் என்று பன்னிரண்டு அட்டைகள் வந்து நின்றன. அதில் ஒன்பதில் ஒரு ஆள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் நடந்து போகிறார். என்னுடையது கறுப்பு வெள்ளைத் திரை, நிறத்தை வைத்தாவது பிரித்துப் பார்க்க வழியில்லை, ஒரே ஆள் ஒன்பது நாவலுக்குள் நடந்து போகிற மாதிரிதான் இருந்தது. ஒன்றைத் தொட்டேன், வேண்டாம் என்று திரும்பினேன், இன்னொன்றைத் தொட்டேன். பன்னிரண்டரை ஆயிற்று, ஒரு வரிகூட வாசிக்காமல் படுத்துவிட்டேன்.

இது ஏன் இப்படி என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்கிற பரிந்துரை முறையை அமேசான் 1998லேயே தொடங்கிவிட்டது. அது கதையை வாசித்துப் பார்த்துப் பரிந்துரைப்பதில்லை. எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேர்ந்து விற்கிறது என்று ஜோடி சேர்த்துக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். ஜோடி அமைய வேண்டுமென்றால் அந்தப் புத்தகத்தை ஏற்கெனவே நாலு பேர் வாங்கியிருக்க வேண்டும். நேற்று வெளியான நாவலை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள், அதனால் அது யார் கண்ணிலும் படாது, யார் கண்ணிலும் படாததால் யாரும் வாங்க மாட்டார்கள். இந்தச் சிக்கலுக்கு அந்தத் துறையில் கோல்டு ஸ்டார்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காலை நேரத்தில் ஸ்டார்ட் ஆகாத பழைய ஸ்கூட்டர்தான் எனக்கு ஞாபகம் வந்தது, பெயர் பொருத்தம்தான். இன்றைய முறைகள் இதைவிடச் சிக்கலானவைதான், இருந்தாலும் போட்டதையே திரும்பப் போடுகிற குணம் போகவில்லை. பேரனுக்காக முயல் பேசுகிற கதை ஒன்றை வாங்கப் போய், இரண்டு மாதம் எனக்கு முயல், அணில், ஆமை என்று வந்துகொண்டே இருந்தது. ஆனால் இருபது துப்பறியும் கதை வாசித்தவரிடம், 'நீங்கள் ஒரு தடவை அறிவியல் புனைகதை வாசித்துப் பாருங்களேன், அதிலும் ஒரு மர்மம் அவிழும்' என்று சொல்ல அதற்குத் தெரியாது. புத்தகம் படிக்கிற ஒரு நண்பருக்குத் தெரியும்.

சரி, வகை பிரித்து வைத்திருக்கிறார்களே, நாமே போய்த் தேடலாமே என்று கேட்பீர்கள். தேடினேன். அந்த வகைப்பெயரை ஒட்டுவது யார் தெரியுமா? பதிப்பகம் இல்லாமல் எழுத்தாளர் தானே வெளியிடுகிற சுயபதிப்பில் பெரும்பாலும் எழுதியவரேதான். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் வெளியிடுகிறவர் தன் புத்தகத்துக்கு மூன்று பிரிவுகளையும் ஏழு தேடுசொற்களையும் தானே நிரப்ப வேண்டும். கூட்டம் குறைவான பிரிவில் போய் உட்கார்ந்துகொண்டால் பத்துப் பிரதி விற்றாலே பட்டியலில் முன்னால் வந்துவிடலாம் என்கிற நுணுக்கம் எழுதுகிறவர்களுக்குத் தெரியாமல் இல்லை. இப்படித்தான் ஒரு கடையில் சரித்திர நாவல் பிரிவில் முதலிடத்தில் இருந்ததை நம்பி வாங்கினேன். மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகி கைப்பேசியை எடுத்துப் பேசுகிறாள். காலப் பயணமாக இருக்குமோ என்று இன்னும் இரண்டு அத்தியாயம் பொறுத்துப் பார்த்தேன். இல்லை. சுத்தமான காதல் கதை, ஒரு பழைய கோட்டையில் கல்யாணம் நடக்கிறது என்பது மட்டும்தான் அதில் இருந்த சரித்திரம். கதை மோசம் என்று சொல்ல மாட்டேன், எனக்கு அது வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

சாம்பிள் வாசித்துப் பார்த்து வாங்க வேண்டியதுதானே என்று வீட்டிலும் கேட்டார்கள். அதையும்தான் செய்கிறேன். சாம்பிள் என்பது பெரும்பாலும் நூலின் முதல் பத்து சதவீதம். அந்தப் பத்துக்குள் அட்டை, பதிப்புரிமைப் பக்கம், சமர்ப்பணம், ஆசிரியரின் மற்ற நூல்கள், நன்றியுரை, அணிந்துரை, அப்புறம் பொருளடக்கம் எல்லாம் வந்துவிடுகின்றன. சின்ன நாவலாக இருந்தால் முதல் அத்தியாயத்தில் கதவு தட்டப்படுகிற இடத்தில் சாம்பிள் முடிந்துவிடும். கதவைத் திறந்தது யார் என்று பார்க்கப் பணம் கட்ட வேண்டும். எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நன்றியுரையைப் பின்னால் கொண்டுபோய் வையுங்கள். உங்கள் மைத்துனருக்கு நன்றி சொல்கிற இடத்தில் உங்கள் முதல் ஐந்து பக்கம் இருந்திருந்தால் நான் வாங்கியிருப்பேன்.

இத்தனைக்கும் நடுவில் நல்ல கதைகள் எனக்குக் கிடைக்காமலும் இல்லை, எங்கே கிடைத்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வாசகர்களில் என்னைப் போல யாராவது இருக்கலாம்.

ஒன்று, விருதுகளின் இறுதிப்பட்டியல். பரிசு வாங்கிய நூலை எல்லோரும் பேசிவிடுவார்கள், அதோடு வரிசையில் நின்று பரிசு கிடைக்காமல் போன நாலைந்து நூல்கள்தான் எனக்கு வேண்டியவை. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி விருது இருப்பது இதில் பெரிய வசதி. துப்பறியும் கதைகளுக்கு அமெரிக்காவில் எட்கர் விருதை 1946இலிருந்து தருகிறார்கள், அறிவியல் புனைகதைக்கும் ஃபேன்டசிக்கும் ஹியூகோ விருது 1953இல் தொடங்கியது, பேய்க்கதை, திகில் கதைகளுக்கு பிராம் ஸ்டோக்கர் விருது இருக்கிறது. எட்கரிலும் பிராம் ஸ்டோக்கரிலும் முதல் நாவலுக்கென்று தனிப் பிரிவே உண்டு. புது எழுத்தாளர் வேண்டுமென்றால் நான் நேராக அங்கேதான் போகிறேன். திகில் என்றால் எனக்கு ஆகாது என்று நாற்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பட்டியலில் பார்த்து எடுத்த நாவலில் ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை, ஒரு வீடு, ஒரு வயதான அம்மா, மாடியில் பூட்டிய ஒரு அறை, இவ்வளவுதான், இருந்தும் ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கப் போக யோசித்தேன்.

இரண்டாவது, இணையத்தில் வருகிற கதை இதழ்கள். அறிவியல் புனைகதைக்கு கிளார்க்ஸ்வேர்ல்டு என்கிற ஆங்கில இதழ் 2006லிருந்து வருகிறது, கதைகளை இலவசமாகவே வாசிக்கலாம். ஒருவருடைய சிறுகதையை அரை மணி நேரத்தில் வாசித்துவிட்டு, பிடித்தால் அவருடைய நாவல் மின்னூலாக இருக்கிறதா என்று தேடுவேன். பத்து சதவீத சாம்பிளைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் சிறுகதைக்கு முடிவு இருக்கிறது. முடிக்கத் தெரிந்தவரா என்பதுதானே நமக்குத் தெரிய வேண்டியது.

பழைய நூல்களை நான் இங்கே கணக்கில் சேர்த்தால் சிலருக்குக் கோபம் வரும். புதுசு என்றால் வெளியான தேதியா, நான் இன்னும் வாசிக்காததா? குட்டன்பர்க் திட்டம் 1971லிருந்து காப்புரிமை தீர்ந்த நூல்களை மின்னூலாக்கி இலவசமாகத் தருகிறது, இப்போது எழுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன, வகைவாரியாக அலமாரியும் பிரித்து வைத்திருக்கிறார்கள். தமிழில் மதுரைத் திட்டம் 1998இல் தன்னார்வலர்கள் கையால் தொடங்கியது. ஒரு வகையை இதுவரை தொட்டதே இல்லை என்றால் முதலில் இலவசமாகக் கிடைக்கிற பழைய நூலில் கால் நனைத்துவிட்டு, பிறகு புதியவற்றுக்குக் காசு செலவழிப்பது என் வழக்கம். நூலகங்களின் மின்னூல் செயலிகளைப் பற்றியும் எழுத ஆசை, அதற்கு இன்னொரு கடிதம் வேண்டும். ஒன்று மட்டும்: மின்னூலுக்கும் அங்கே பெரும்பாலும் ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் எடுக்க முடியும், பெரிய பெயர்களுக்கு மாதக்கணக்கில் வரிசை நிற்கும், அதனால் 'இப்போது கிடைப்பவை' என்று வடிகட்டிப் பாருங்கள். கூட்டம் மொய்க்காத நூல்கள் மட்டும் மிஞ்சும், அதில்தான் தேடுகிற சுகம்.

மின்னூலை இன்னும் இரண்டாந்தரமாக நினைக்கிறவர்களுக்காக ஒரு உதாரணம். ஆண்டி வியர் என்கிற கம்ப்யூட்டர் புரோகிராமர் 'தி மார்ஷியன்' நாவலை முதலில் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகத்தான் போட்டார். வாசகர்கள் மின்னூலாகக் கேட்டார்கள், போட்டார். அதைக் கருவியில் ஏற்றத் தெரியாதவர்கள் கிண்டிலில் கேட்டார்கள், 2011இல் அங்கேயும் போட்டார். அச்சுப் பதிப்பகமும் சினிமாவும் அதற்குப் பிறகுதான் வந்தன. அதைக் கண்டுபிடித்தது எந்த நூல் பக்கமும் இல்லை, வாய் வார்த்தையாகச் சொல்லிக்கொண்ட வாசகர்கள்.

இப்போது அந்த வாய் வார்த்தை காதில் விழாத அளவுக்கு இரைச்சல். 2023 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த கதைகள் வந்து குவிந்ததால் மேலே சொன்ன கிளார்க்ஸ்வேர்ல்டு புதுக் கதைகள் வாங்குவதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டில் சுயபதிப்பில் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புது நூல்களுக்கு மேல் போடக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். நாளைக்கு மூன்று! வருடத்துக்கு ஒரு நாவல் எழுதி, நாலு தடவை திருத்தி, மெய்ப்புப் பார்த்துப் போடுகிறவரும் இந்தக் கும்பலுக்குள்தான் நிற்கிறார், அட்டையைப் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. நட்சத்திரங்களை வைத்தும் முடியாது. ஐந்து நட்சத்திரம் நண்பர்கள் போட்டது, ஒரு நட்சத்திரம் நூல் தரவிறங்கவில்லை என்று கோபப்பட்டவர் போட்டது. நான் மூன்று நட்சத்திரக் கருத்துகளை மட்டும் வாசிக்கிறேன், அவர்கள்தான் நூலை முழுசாகப் படித்திருப்பார்கள்.

இதனால்தான் உங்களிடம் வருகிறேன். வாரம் கால் பக்கம் போதும். மூன்று மின்னூல்கள், மூன்றும் வேறு வேறு வகை, எல்லாம் கதை. கதைச்சுருக்கமே வேண்டாம், அது எல்லா இடத்திலும் இருக்கிறது. உங்கள் ஆட்களில் ஒருவர் முழுதாக வாசித்துவிட்டு எழுத வேண்டியது வேறு. ஒட்டியிருக்கிற வகைப்பெயர் உண்மையா. தொடர்வரிசையின் ஒரு பாகம் என்றால் மற்ற பாகங்கள் வந்துவிட்டனவா, நடுவில் தொங்குகிறதா (கிண்டிலின் சந்தாத் திட்டத்தில் வாசித்த பக்கத்துக்குக் கணக்குப் பார்த்து எழுத்தாளருக்குப் பணம் தருகிற முறை 2015இல் வந்த பிறகு, கதையை நீட்டிப் பாகம் பாகமாகப் போடுவதும் இந்தத் தொங்கலும் கூடிவிட்டன என்பது என் சந்தேகம்). எழுத்துப்பிழை எவ்வளவு. ஒரே கடையில்தான் கிடைக்குமா, பலவகைக் கருவிகளில் திறக்கிற இபப் கோப்பாகவும் கிடைக்குமா. அப்புறம் முக்கியமாக, நூல் எவ்வளவு பெரிது. அச்சுப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் தெரிந்துவிடும், மின்னூலுக்குக் கனம் கிடையாது. போன வருடம் இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று தொடங்கிய ஃபேன்டசி நாவலில் ஒரு வாரம் கழித்தும் பதினொரு சதவீதம் என்றே காட்டிக்கொண்டிருந்தது.

வாசிக்க ஆள் இல்லை என்று சொல்வீர்களானால், துப்பறியும் கதைகளுக்கு நான் இருக்கிறேன், சம்பளம் வேண்டாம். காதல் கதைகளுக்கு என் மனைவி தயார், என்னைவிடக் கறாரானவர். அறிவியல் புனைகதைக்கு மட்டும் நீங்கள்தான் ஆள் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்