மாசி வீதி ஜவுளிக்கடை அண்ணாச்சிமாருக்கு, ஜீன்ஸ் பாக்கெட் விஷயமா ஒரு மடல்

மதுரை மாசி வீதிகள்லயும் விளக்குத்தூண் பக்கமும் டவுன்ஹால் ரோட்டுலயும் ரெடிமேட் கடை வச்சிருக்க அண்ணாச்சிமாருக்கும், அவங்களுக்காக பெல்லாரி, பாம்பே, டெல்லின்னு அலைஞ்சு சரக்கு எடுத்துட்டு வர்ற பர்ச்சேஸ் அண்ணன்மாருக்கும் வணக்கம். எந்தக் கடை பேரும் இதுல வராது, ஆனா படிக்கும்போது நம்ம கடையத்தான் சொல்றாளோன்னு தோணுச்சுன்னா தோணட்டும்.

விஷயம் ஒண்ணுதான். பொம்பளைங்க ஜீன்ஸ்ல பாக்கெட் வைங்க. பாக்கெட்னா பாக்கெட், பாக்கெட் மாதிரி தையல் போட்டது இல்ல. இப்ப சமீபத்துல ஒரு ஜீன்ஸ் எடுத்துப் பாத்தேன், இடுப்புக்குக் கீழ வளைவா டபுள் தையல், மூலையில செப்பு கலர்ல ரிவிட்டு, பாக்க அம்சமா இருக்கு, விரல விட்டா நகம் மட்டும்தான் உள்ள போகுது, அதுக்கு மேல துணியோட துணி சேத்து மூடித் தச்சிருக்கு. என்னம்மா இதுன்னு கேட்டா சேல்ஸ்ல நின்ன தங்கச்சி "அது டிசைன், அக்கா"ங்குது, பாவம் அது என்ன பண்ணும். அந்த ரிவிட்டு எதுக்கு வந்துச்சு தெரியுமா அண்ணாச்சி? 1873ல அமெரிக்காவுல ஜேக்கப் டேவிஸ்னு ஒரு டெய்லரும் லெவி ஸ்ட்ராஸ்ங்குற துணி யாவாரியும் சேந்து பேட்டண்ட் வாங்குனதே, வேலைக்குப் போற ஆளுங்க பேண்ட்டுல பாக்கெட் மூலை பிஞ்சு பிஞ்சு போகுதேன்னு அந்த இடத்துல உலோக ஆணி அடிச்சதுக்குத்தான். பாக்கெட்டக் காப்பாத்த வந்த ஆணி அப்படியே நிக்குது, பாக்கெட்டத்தான் காணோம்.

ஆம்பளை ஜீன்ஸ எடுத்துப் பாருங்க, வலது பக்கம் பெரிய பாக்கெட்டுக்குள்ள குட்டியா ஒண்ணு இருக்கும், அது அந்தக் காலத்துல சங்கிலி போட்ட கடிகாரம் வைக்கத் தச்சது. அந்தக் கடிகாரம் ஒழிஞ்சு எவ்வளவோ காலமாச்சு, இன்னும் அதுக்கு இடம் ஒதுக்கி தச்சுக்கிட்டு இருக்காங்க, எங்களுக்கு கையில இருக்க போனுக்கு இடமில்ல. நான் சும்மா சொல்லல, 2018ல அமெரிக்காவுல 20 பிராண்ட் ஜீன்ஸ டேப்பு வச்சு அளந்து பாத்ததுல, பொம்பளைங்க ஜீன்ஸோட முன் பாக்கெட் ஆம்பளைங்களோடதவிட சராசரியா 48 சதவீதம் ஆழம் கம்மின்னு வந்துச்சு. கிட்டத்தட்ட பாதி. அங்க பாதியாவது இருக்கு, நீங்க எறக்குற காப்பியில அதுவும் மூடித் தச்சு வருது.

கேட்டா ஷேப் போயிரும்பாங்க. அண்ணாச்சி, நான் காளவாசல்ல இருந்து கோரிப்பாளையம் வரைக்கும் தெனமும் வண்டியில போறவ. ஒரு கையில ஹெல்மெட், ஒரு கையில சாவி, பார்க்கிங்ல டோக்கன் குடுத்தா அத வாயில கவ்விக்கிட்டு நிக்கிற பொம்பளைக்கு என்னாங்க ஷேப்பு. 2016 ஜனவரியில கோயிலுக்கு ஜீன்ஸ் போட்டு வரக்கூடாதுன்னு ஹைகோர்ட் மதுரை கிளை உத்தரவு அமலுக்கு வந்து, அப்புறம் அதுக்குத் தடையும் வாங்கி, ஊரே ரெண்டு பட்டுப் பேசுச்சே ஞாபகம் இருக்கா, ஜீன்ஸப் பத்தி அவ்வளவு பேசுன ஊர்ல ஒருத்தரும் அதுல பாக்கெட் இருக்கா இல்லையான்னு கேக்கல. நம்ம தெருவுல தைக்கிற டெய்லர் அண்ணன்கிட்ட வாய தொறந்து சொன்னா சுடிதாருக்கே சைடு பாக்கெட் வச்சுத் தர்றாரு, கம்பெனிக்காரனுக்குத்தான் அது மலையேறுற வேலையா இருக்கு.

சரி, பாக்கெட் இல்லன்னா ஹேண்ட்பேக் வாங்கிக்கோம்மான்னு அடுத்த மாடிக்கு அனுப்பிவிடுறீங்க. எனக்கு என்னமோ இது ரெண்டும் ஒரே கூட்டுக் கணக்குன்னுதான் தோணுது. அங்க போனா என்ன தொங்குது? உள்ளங்கை சைசுல ஒரு பேக், தங்கக் கலர் செயின் போட்டு. பாரிஸ்ல ஜாக்முஸ்னு ஒரு டிசைனர் 2019ல ரெண்டு விரல்ல புடிச்சுத் தூக்குற அளவுக்கு ஒரு பேக்க மேடையில நடக்கவிட்டாரு, அது ஒரு வேடிக்கை, உலகமே சிரிச்சுச்சு, அவரு பேரும் பரவிருச்சு, அவருக்கு வேலை முடிஞ்சது. அந்த வேடிக்கைய இங்க எதுக்கு சீரியஸா அடுக்கி வைக்கிறீங்க? என் போன் உள்ள போகல, டிபன் பாக்ஸ் பத்திப் பேசவே வேணாம். அந்தச் செயின் சித்திர மாசத்து வெயில்ல தோள்பட்டையில படும் பாருங்க, சூடு போட்ட மாதிரி ஒரு கோடு விழுகும்.

பெரிய பேக்காவது உருப்படியா இருக்கான்னா அதுவும் இல்ல. "பியூர் லெதர் மாதிரியே இருக்கும் மேடம்"னு குடுக்குறது பூரா துணி மேல பூசுன பிளாஸ்டிக். நம்ம ஊரு சூட்டுக்கும் வேர்வைக்கும் அந்தப் பூச்சு விட்டுப் போயிரும், முதல்ல கைப்பிடி மடியிற எடத்துல மயிர்க்கோடா வெடிக்கும், அப்புறம் அக்குளுக்குக் கீழ ஒரசுற பக்கம் பொருக்கு பொருக்கா உரிஞ்சு வெள்ளச் சட்டையில கருப்புத் தூளா ஒட்டும், ஒரு கோடை தாண்டுனா பெருசு. வாரண்டி கேட்டா, கெடையாதுன்னு பில்லுலயே எழுதியிருக்கும்மாங்குறாங்க, ஒரு கடையில எனக்கு அப்படித்தான் ஆச்சு, எந்தக் கடைன்னு வேணாம் விடுங்க. காடாத் துணியில, கேன்வாஸ்ல நல்ல ஜிப் வச்சு, உள்ள ரெண்டு அறை வச்சு ஒரு பேக் போடுங்களேன்.

பெரிய டிசைனர் சரக்குன்னா எல்லாமே கிறுக்குத்தனம்னு நான் சொல்ல மாட்டேன். பலென்சியாகாங்குற ஃபேஷன் கம்பெனிக்காரன் 2022ல குப்பை மூட்டை மாதிரி ஒரு தோல் பை விட்டான், 1,790 டாலர், நம்ம காசுக்கு ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம், அது கிறுக்குத்தனம்தான். ஆனா பிர்கின் பேக் கதை வேற. ஜேன் பிர்கின்னு ஒரு நடிகை, பிளைட்ல பக்கத்து சீட்ல உக்காந்திருந்தது ஹெர்மெஸ் கம்பெனி தலைவரு, என் சாமான் எல்லாம் அடங்குற மாதிரி உருப்படியா ஒரு பேக் கெடைக்கலையேன்னு அந்தம்மா பொலம்புனாங்க, அதக் காதுல வாங்கி அவரு செஞ்சு குடுத்ததுதான் அது, வருஷம் 1984. அந்தம்மா அதுல ஸ்டிக்கர் ஒட்டி, நகவெட்டி கூட தொங்கவிட்டு வருஷக்கணக்கா தூக்கிட்டு அலைஞ்சாங்க. அந்த முதல் பேக்குதான் 2025 ஜூலையில பாரிஸ் ஏலத்துல 86 லட்சம் யூரோவுக்குப் போச்சு. உலகத்துலயே பேர் போன பேக்கு பக்கத்து சீட்டு பொம்பள சொன்ன ஒரு கொறையில இருந்து பொறந்துருக்கு, நாங்க கவுண்டர்ல நின்னு சொல்ற கொறைய நீங்க எத்தன தடவ கேட்டிருக்கீங்க?

ட்ரெண்டு மாறுறதப் பத்தி ரொம்ப இழுக்கல. காலோட ஒட்டுற ஸ்கின்னி போயி தொளதொளன்னு பேகி வந்துச்சு, இப்ப பேரல்னு முழங்காலுக்கிட்ட உருண்டையா ஊதி கீழ ஒடுங்குன மாதிரி வருது, எனக்குப் பாக்கப் பிடிச்சுத்தான் இருக்கு, கீழ ஒடுங்கி இருக்கதால வண்டிக்கும் வசதி. காலு பூரா வழிய விடுற வைட் லெக் போட்டு பைக் பின்னாடி உக்காந்தா செயின்ல சிக்குமோன்னு பயம், மழைக்கு சிம்மக்கல் ரோட்டுல நடந்தா அரையடிக்கு சகதி. இன்னொண்ணு, துணி கனம். டெனிம்ம, அதான் ஜீன்ஸ் துணிய, ஒரு சதுர கஜம் எவ்வளவு கனம்னு அவுன்ஸ் கணக்குலதான் சொல்லுவாங்க, 14 அவுன்ஸ்னா குளிரு நாட்டுக்கு சரி, 38, 40 டிகிரி அடிக்கிற ஊர்ல 8, 9 அவுன்ஸ்ல காட்டன் அதிகமா இருக்கதா எடுத்துட்டு வாங்க. லேபிள்லயும் போடச் சொல்லுங்க. கிழிஞ்ச ஜீன்ஸப் பத்தி எனக்கு ஒரு கருத்தும் இல்ல, காத்தோட்டமா இருக்கு.

நம்ம ஊரு சுங்குடிக்கு 2005லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு. கையால முடிச்சுப் போட்டு சாயம் ஏத்துனதுல ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது, முடிச்ச அவுத்த எடத்துல துணி லேசா சுருங்கி நிக்கும், தடவிப் பாத்தா தெரியும். அந்தத் துணிய கேன்வாஸ் பேக்குக்கு உள்பக்கம் லைனிங்கா குடுத்துப் பாருங்க, தொறக்குறப்ப எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும். 2025ல மிலன் நகரத்துல பிராடாங்குற ஃபேஷன் கம்பெனி மேடையில நம்ம நாட்டு கோலாப்பூர் செருப்பு அச்சு அசலா வந்துச்சு, முதல்ல ஊரு பேரக்கூட சொல்லல, இங்க சத்தம் போட்டப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க. சுங்குடியும் அங்க போயிட்டு விலை ஏறி வந்தாத்தான் நீங்க ஷோகேஸ்ல வைப்பீங்களா?

ஆடித் தள்ளுபடி முடிஞ்ச கையோட தீபாவளி சரக்குக்கு ஆர்டர் குடுப்பீங்க. அதுக்கு முன்னாடி ட்ரையல் ரூம் வாசல்ல நாள் பூரா நிக்கிற பொண்ணுங்களக் கேளுங்க, எந்த ஜீன்ஸ போட்டுப் பாத்துட்டு எதுக்குத் திருப்பிக் குடுக்குறாங்கன்னு அவங்களுக்கு அத்துப்படி. அப்படியே அவங்க உக்காரவும் ஸ்டூலு போடுங்க, 2021லயே சட்டம் வந்துருச்சு. பெல்லாரிக்காரன்கிட்ட ஆர்டர் சொல்லும்போது முன் பாக்கெட் ஆழம் ஒரு சாண் வேணும், பெரிய போன் நிமிந்து நிக்கணும், உக்காந்தா குத்தக்கூடாதுன்னு சேத்து எழுதுங்க. அதுக்கு ஆகுறது துண்டுத் துணியும் ரெண்டு தையலும், பீஸுக்கு 50 ரூபா கூடப் போட்டாலும் பேரம் பேசாம தர்றோம். மூடித் தச்ச பாக்கெட்டோட வர்ற சரக்க மட்டும் லாரியில இருந்து எறக்காதீங்க.

இப்படிக்கு,
காளவாசல்ல இருந்து உங்க கஸ்டமர் ஒருத்தி