ராவணன் மீசையைக் காத்துக் கொடுத்தவர்களுக்கு

ராவணன் மீசைப் புல் பிடித்து வைத்திருக்கும் எங்கள் கடற்கரை மணல்மேடு தப்பித்துவிட்டது. அதைத் தரிசு என்று சொல்லிக்கொண்டு யார் வந்தார்கள், எப்படித் திரும்பிப் போனார்கள் என்பதெல்லாம் ராமநாதபுரம் கரையில் ஏர்வாடியில் இருந்து வாலிநோக்கம் வரை எல்லாருக்கும் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. படபடப்பு அடங்குவதற்கு முன்னாலேயே நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, கடற்பாசி எடுக்கும் ஓர் அக்காவுக்கு. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மேட்டைக் காக்க, அதற்குள் புகுந்துவிட்ட சீமைக்கருவேலங் கன்றுகளையும் எடுக்க வேண்டியிருந்தது. நெற்றைத் தின்ற ஆடுகளின் புழுக்கையில் இருந்தே முளைத்துவிடும் செடி அது. இயந்திரத்தை விட்டால் புல்லும் சேர்ந்து போய்விடும். ராவணன் மீசை கொடியாக ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டுத்தான் மணலைப் பிடித்து மேடாக்குகிறது. கொடி அறுந்தால் மணல் நிற்காது. அதனால் கையாலேயே பிடுங்கினோம். கருவேல முள் ஒரு பக்கம், குத்தும் புல்நுனி மறுபக்கம். கல்லூரிப் பிள்ளைகளின் விரலெல்லாம் ரத்தம்.

அக்கா அப்போதுதான் கடலை விட்டு ஏறி வந்தார். நின்று பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பாசிச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, பழைய சேலைத் துணியை நாடா நாடாவாகக் கிழித்தார். “கையக் குடு ஆத்தா” என்று ஒரு பெண்ணின் விரலைப் பிடித்து, நுனியில் இருந்து சுற்றிக்கொண்டே வந்து, மடக்க வருகிறதா என்று பார்த்து முடிச்சுப் போட்டார். பாறையில் பாசி பறிக்கும்போது அவர்கள் இப்படித்தான் சுற்றிக்கொள்வார்கள். ஒவ்வொரு விரலாகச் சுற்றினார், அப்புறம் அடுத்த பிள்ளை. சாக்கில் இருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.

எழுந்து போகும்போது, “கருவேலத்த வேரோட வாங்கணும், ஒடிச்சா திரும்பத் தழைச்சிரும். இந்தக் கொடிய மட்டும் மிதிச்சிராதீக” என்றார். மறுநாள் இன்னும் சில அக்காமாரைக் கூட்டி வந்தார்.

எங்கள் கரையில் பாசி எடுக்கும் பெண்கள் மாதம் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பாசி திரும்ப வளர வேண்டும் என்பதற்காக. அந்த 12 நாளில் இருந்துதான் எங்களுக்கும் நேரம் எடுத்துக் கொடுத்தார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிப்போன பெரியவருக்கும், கூட்டத்தில் எழுந்து பேசிய மீனவ அண்ணன்மாருக்கும், மோர்ப் பானையோடு வந்த வீட்டாருக்கும், எங்களுக்காக அலைந்த இளம் வனக்காவலருக்கும் மனமார்ந்த நன்றி.

மரம் நின்றால்தான் பசுமை என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. சவுக்குச் சருகு மூடிய தரையில் புல்லும் அடப்பங்கொடியும் எழும்புவது கஷ்டம். கச்சான் காற்று மணலை வாரி வீட்டுக்குள் கொட்டும்போது, தரையோடு தரையாகப் படர்ந்து அதைப் பிடித்து வைப்பது இவைதான். இந்த மேட்டைத் தரிசு என்று எழுதுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

ராவணன் மீசையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் முள்ளுருண்டை காற்றில் உருண்டு போய் விதையைப் பரப்பும். இந்த வருஷம் அந்த உருண்டைகளைப் பொறுக்கி, மேடு கரைந்து கிடக்கும் தென்பக்கத்தில் கொண்டுபோய் ஊன்றப் போகிறோம். கருவேலங் கன்று எடுப்பதும் மழைக்கு மழை நடக்கும். அக்கா, துணி கிழிக்கப் பழைய சேலை இனி நாங்களே கொண்டு வருகிறோம்.